கேளுங்க, சொல்றேன்: ஃபேட்டி லிவரும் துபாய் டப்பாவும்

போன இதழில் மாஸ்டர் செக்கப் பற்றிய ஒரு பதிலில் போகிறபோக்கில் ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்பு சேர்வது, என்று ஒரு வரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளிலும் பாதிக்கு மேல் அதுவே. களியக்காவிளை தொடங்கி ஆரல்வாய்மொழி வரை வீட்டுக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவில் இருக்கும் போல. அதனால் முடி கொட்டுகிறது, மூட்டு வலிக்கிறது என்று எழுதியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுங்கள். நான் உணவு ஆலோசகர், டாக்டர் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. பதினெட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டுப் போன ஓணத்துக்குத்தான் ஊரோடு வந்தார். வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 71, எஸ்.ஜி.ஓ.டி. 48. எடை 84 கிலோ. குடி கிடையாது, சர்க்கரையும் இல்லை. என் தம்பி அங்கிருந்து ஒரு பெரிய டப்பா வைட்டமின் ஈ, கூடவே ‘ஆன்டிஆக்சிடன்ட் காம்ப்ளெக்ஸ்’ என்று இன்னொரு டப்பா கொடுத்துவிட்டிருக்கிறான். இரண்டும் ஈரலைச் சுத்தம் பண்ணுமாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், ‘வைட்டமின்தானே, சும்மா போடுங்க’ என்கிறார்கள். கொடுக்கலாமா அக்கா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: தங்கச்சி, டப்பாவின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் எல்லாரும் முன்பக்கத்துப் பச்சை இலையைத்தான் அனுப்புவார்கள்.

முதல் டப்பாவில் ஒரு காப்ஸ்யூலுக்கு 1000 யூனிட் வைட்டமின் ஈ என்று போட்டிருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இருபத்திரண்டு யூனிட் சுமார். ஒரு கைப்பிடி நிலக்கடலை, கொஞ்சம் கீரை, சூரியகாந்தியோ தவிட்டெண்ணெயோ ஊற்றித் தாளித்த கூட்டு என்று சாப்பிட்டாலே அதில் நல்ல பங்கு வந்துவிடும். நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் 400 மில்லிகிராம் (சுமார் 400 யூனிட்) காப்ஸ்யூலில் இருக்கும் அளவைப் பாதாமில் எட்டவேண்டுமென்றால் குறைந்தது முக்கால் கிலோ பாதாமையாவது ஒரே நாளில் தின்றாக வேண்டும். உங்களிடம் இருப்பது அதைவிடப் பெரியது. இது உணவுக்குத் துணை என்கிற கணக்கில் வராது, மருந்து அளவு. ‘வைட்டமின்தானே’ என்று கடையில் சொன்னவர் இந்த இடத்தில்தான் தப்பு பண்ணுகிறார்.

சரி, மருந்தாக வேலை செய்யுமா? செய்யும், ஒரு சிலருக்கு. அதுதான் இதில் சிக்கலே, முழுப் பொய்யென்றால் ஒரே வரியில் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 247 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, வெறும் கொழுப்பு மட்டுமில்லை, வீக்கமும் செல் சேதமும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ, 96 வாரம். நூற்றுக்கு 43 பேருக்கு ஈரல் நன்றாகத் தேறியது. மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டவர்களில் 19 பேருக்குத் தேறியது. வித்தியாசம் கணிசம்தான், மறுக்க முடியாது. ஆனால் ஈரலில் விழுந்த தழும்பு, அதாவது நாளைக்கு ஈரல் சுருக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிற அந்தத் தழும்பு, அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பதோ ஸ்கேனில் தெரிந்த கிரேடு 1. அவர் அந்த 247 பேர் மாதிரிதானா என்று யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த வேறொரு பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் அந்த ஆய்வையே தொடங்கினார்கள் என்பது வேடிக்கை. அது ஐம்பது தாண்டியவர்களை வைத்துச் செய்தது, இவருக்கு 46, நாலு வருஷம்தான் பாக்கி. தவிர, அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தம் உறைவதைக் குறைக்கும். வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி எதையாவது போடுகிறவர் என்றால் இந்த டப்பாவைத் தொடவே கூடாது.

இரண்டாவது டப்பாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எடுத்து வைத்துவிடுங்கள். பொடி எழுத்தில் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, சி, செலினியம், கிரீன் டீ சாறு என்று வரிசையாக இருக்கிறது. ஒரு வேளைக்கு இரண்டு காப்ஸ்யூல் என்றும் போட்டிருக்கிறது. ஃபின்லாந்தில் சிகரெட் பழக்கமுள்ள 29,000 ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், 1994-இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் அதே மாதிரி இன்னொரு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். உங்கள் கடிதத்தில் குடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், புகை பற்றி ஒரு வார்த்தை இல்லை, நான் கவனித்தேன். வைட்டமின் ஏ சேர்வதே ஈரலில்தான். ரொம்ப நாள் அளவுக்கு மீறி எடுத்தால் அதனாலேயே ஈரல் கெடும். கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாற்றைக் காய்ச்சிக் காப்ஸ்யூலில் அடைப்பது வேறு. பின்னதால் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஈரலைச் சுத்தம் பண்ண வந்த டப்பாவில் ஈரலுக்கு ஆகாததே இரண்டு சாமான்!

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் கிரேடு 1 என்பதைவிட முக்கியமான ஒன்று ஒளிந்திருக்கிறது, ஒரு பேனாவை எடுங்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால், 46 × 48, 2208. எஸ்.ஜி.பி.டி. 71-இன் வர்க்கமூலம் 8.4 சொச்சம். ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 2,40,000 என்று இருக்கிறது, அதை 240 என்று எடுத்துக்கொண்டு இந்த வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2022. மேலே வந்ததைக் கீழே வந்ததால் வகுங்கள்: 1.09. இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3-க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் நேரே ஈரல் நிபுணரிடம் போகவேண்டும். நடுவில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன், எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பைசா செலவில்லாத கணக்கு, ஆனால் பல லேப்கள் இதை ரிப்போர்ட்டில் அச்சடித்துக் கொடுப்பதில்லை, அது ஏனோ. இவருக்கு இன்றைய நிலவரம் பயப்படும்படி இல்லை என்றுதான் இந்த எண் சொல்கிறது. ஆனாலும் டாக்டரிடம் கேட்டு ஹெபடைடிஸ் பி, சி இரண்டும், மூன்று மாதச் சர்க்கரையும், தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கொழுப்பு என்ற பெயரில் வேறெதுவும் மறைந்திருக்கக் கூடாது.

அப்புறம் அந்த 84 கிலோ. அதில் நாலு கிலோ குறைந்தாலே ஈரலில் கொழுப்பு குறையத் தொடங்கும். ஆறிலிருந்து எட்டு கிலோ குறைந்தால் வீக்கமும் அடங்க நல்ல வாய்ப்பு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது, வைட்டமின் ஈயால் முடியாமல் போனது அது. ஒரு வருஷத்தில் மெதுவாகக் குறைந்தால் போதும், பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் வேண்டாம். பதினெட்டு வருஷம் கேம்ப் மெஸ்ஸில் சாப்பிட்டவர் ஊருக்கு வந்ததும் நீங்கள் பாசத்தில் என்னவெல்லாம் செய்து போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா. தம்பி மனசும் நோகக் கூடாது, அதனால் டப்பாக்களை அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். ‘உடம்புக்குள் துரு பிடிக்கிறது, ஆன்டிஆக்சிடன்ட் அதைத் தடுக்கும்’ என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். ஈரலுக்குள் எந்த இரும்பு துருப்பிடிக்கிறது? (ஆசிரியர், தக்கலை)

பதில்: நீங்கள் கிண்டலாகத்தான் கேட்கிறீர்கள், ஆனாலும் சொல்கிறேன் சார். துருவைவிட நல்ல உதாரணம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ டப்பா மூடாமல் கிடந்தால் ஒரு காறல் வாடை வருமே, அதேதான். எண்ணெயிலிருக்கும் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. ஈரல் செல்லுக்குள் கொழுப்பு தேவைக்கு மேல் சேர்ந்தால், அதை எரித்துத் தள்ள செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா ராத்திரி பகல் ஓடுகிறது, ஓடும்போது பொறி பறக்கிற மாதிரி வினைத்திறன் கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் தெறிக்கின்றன, அவை செல் சவ்விலுள்ள கொழுப்பைக் காறடிக்கின்றன. வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது, அந்தச் சவ்வுக்குள்ளேயே போய் உட்கார்ந்து, காறல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற சங்கிலியை அறுக்கும். வைட்டமின் சி தண்ணீரில் கரைவது, அது போய் நிற்கும் இடம் வேறு. அதனால்தான் ஈக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, சி மாத்திரைக்கு ஃபேட்டி லிவரில் உருப்படியான ஆதாரம் கிடையாது. தேவைக்கு மேல் விழுங்கிய சியில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகக் கல்லுக்கு வழிபார்க்கும், மிச்சம் மூத்திரத்தில் போகும்.

காணொளிக்காரர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அந்தப் பொறிகள் எல்லாமே எதிரி இல்லை. கிருமியைக் கொல்வதற்கும், கெட்டுப்போன செல்லுக்குச் சாவு ஓலை கொடுப்பதற்கும் உடம்பு அதே பொறியைத்தான் பயன்படுத்துகிறது. அதை அணைக்க குளூட்டாதியோன் மாதிரி சொந்தச் சரக்கும் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பும் சேர்ந்து அணையலாம். பீட்டா கரோட்டின் கதை அப்படிப் போனதோ என்னவோ என்று ஆராய்ச்சியாளர்களே பல விதமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே பொறியை மட்டும் அணைப்பது எத்தனை நாளைக்கு என்பது என் கேள்வி.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது, ரப்பர் வெட்டுக்குப் போகிறேன். ஆள் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்ததும் வீட்டில் பெண்டாட்டி தொடங்கி மாமனார் வரை நான் ரகசியமாகக் குடிக்கிறேன் என்கிறார்கள். ரிப்போர்ட் தப்பா? (வாசகர், குலசேகரம்)

பதில்: ரிப்போர்ட்டும் சரி, நீங்களும் சரி தம்பி. இந்தப் பக்கத்தைக் கிழித்து மாமனாரிடம் கொடுங்கள்: குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும், குடியால் வருவதைப் போலவே வீங்கும், முற்றினால் சுருங்கவும் செய்யும். 1980-இலேயே அமெரிக்க டாக்டர்கள் இதைத் தனியாகப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ‘மது சாராத’ என்ற அடைமொழியோடுதான் அழைத்தார்கள். நோயின் பெயரிலேயே மது வந்து நிற்பது அவமானமாக இருக்கிறது என்றுதானே நீங்களும் புலம்புகிறீர்கள், 2023-இல் அதை எடுத்துவிட்டு உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறால் வருவது என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.

ஒல்லி என்பதும் இதில் கணக்கில்லை. நம் ஊர்க்காரர்களுக்குக் கை காலில் சதை இல்லாமல் வயிற்றுக்குள் கொழுப்பு சேருகிற வாகு. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துப் பாருங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

நீங்கள் குரல்பதிவில் சொன்ன ஒரு நாள் சாப்பாட்டை எழுதி வைத்துக்கொண்டேன். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன் நாலு மணிக்கு ஒரு கட்டன்சாயா. வெட்டு முடிந்து பாலை ஊற்றிவிட்டு வந்து பத்து மணிக்கு ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும். மத்தியானம் சோறு. சாயங்காலம் சாயாக்கடையில் பழம்பொரி இரண்டு. ராத்திரி மறுபடியும் சோறு, இல்லையென்றால் மிச்சக் கிழங்கு. நடுவில் சாயா மொத்தம் ஆறு. ஆறு சாயாவுக்கு இரண்டு ஸ்பூன் வீதம் சீனி, ஸ்பூனுக்கு ஐந்து கிராம், அறுபது கிராம் ஆச்சு. மாதத்துக்கு 1,800 கிராம் சீனி நீங்கள் ஒருவர் மட்டும் குடிக்கிறீர்கள், தின்னக்கூட இல்லை.

கிழங்கு விஷயத்தில் எனக்கே சந்தேகம் வந்து என் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். என் அம்மா வைக்கிற அளவுக்கு ஒரு தட்டு அவித்த மரச்சீனி, 420 கிராம் காட்டியது. அதில் மாவுச்சத்து மட்டும் 150 கிராம் வரும், புரதம் ஆறு கிராம்தான். உடம்பு உடனே செலவழிக்காத மாவையும் சீனியையும் ஈரல் என்ன பண்ணும்? கொழுப்பாக மாற்றி முதலில் தனக்குள்ளேயே அடுக்கி வைக்கும். அரிசி கிடைக்காத காலத்துக்கு உதவட்டும் என்று 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது நம் தாத்தா பாட்டிகள் உயிரோடு இருந்ததே அதனால்தான், அதைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அவர்களுக்கு அது சோற்றுக்குப் பதில். நமக்கு அது சோற்றுக்கு முன்னால் ஒரு தட்டு.

அதனால் கிழங்கை விடவேண்டாம், கால் தட்டாக்கி மீனைக் கூட்டுங்கள். கிழங்கு தின்ற அன்றைக்கு மத்தியானச் சோறு பாதி. ராத்திரிக்குக் கஞ்சியும் சிறுபயறும், பயறு கூடவும் கஞ்சி குறையவும். சாயா ஆறை மூன்றாக்கி, சீனியை வாரம் அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்குக்கு மூன்று வாரத்தில் பழகிவிடும், என் அனுபவம் அது. சீனியில்லாத காப்பி குடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. காப்பி குடிக்கிறவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதான், ருசி வேண்டுமானால் கருப்பட்டிக்குக் கூட. வைட்டமின் மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: மீன் எண்ணெய் காப்ஸ்யூல் ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்று ஆன்லைனில் ஆஃபர் வருகிறது. வாங்கலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: குளச்சலில் இருந்துகொண்டு மீன் எண்ணெயை ஆன்லைனில் வாங்குகிறேன் என்கிறீர்களே, இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு ஈரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், வீக்கத்தையோ தழும்பையோ ஆற்றும் என்பதற்கு ஆதாரம் போதாது. அந்தக் காசுக்குச் சாளை வாங்குங்கள், அயிலை வாங்குங்கள், புளிக்குழம்பு வையுங்கள், புரதமும் சேர்ந்து கிடைக்கும். தயவுசெய்து மூன்றாம் தடவை காய்கிற எண்ணெயில் பொரித்துவிட்டு ‘அக்கா சொன்னாங்க’ என்று என் தலையில் போடாதீர்கள்.

கேள்வி: என் அம்மா தினமும் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறும், ராத்திரி இரண்டு தேன்நெல்லியும், ஒரு மஞ்சள் காப்ஸ்யூலும் எடுக்கிறாள். எல்லாம் இயற்கைதானே, ஈரல் கொழுப்புக்கு நல்லதுதானே? (வாசகர், வடசேரி)

பதில்: மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கீழாநெல்லிக்கு நிஜமாகவே ஒரு வரலாறு இருக்கிறது. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்கு முப்பது நாள் கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், அது வைரஸுக்குச் செய்த ஆய்வு. மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி என்று நம் வாயில் ஒட்டிக்கொண்டதால் ஈரலில் எது வந்தாலும் அதைப் பிடுங்கிவந்து அரைக்கிறோம், கொழுப்பு சேர்வது வேறு சங்கதி.

நெல்லிக்காய் நல்ல காய், வைட்டமின் சி நிறைய. ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு, ஒன்றிரண்டு நெல்லியும் கொஞ்சம் கொய்யாவும் தின்றால் முடிந்தது. ஆனால் அம்மா தின்பது நெல்லியா தேன்நெல்லியா? அது வெல்லப்பாகிலோ சீனிப்பாகிலோ ஊறிக் கிடப்பது. தேனென்றே வைத்துக்கொண்டாலும், நம் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், தேனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஃபிரக்டோஸ், ஈரல் அதிகம் திண்டாடுகிற சர்க்கரையே அது. பச்சை நெல்லியில் உப்பு தொட்டுத் தின்னச் சொல்லுங்கள்.

மஞ்சள் காப்ஸ்யூலைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். குழம்பில் போடுகிற மஞ்சளில் பயமில்லை. காப்ஸ்யூலில் சத்தைப் பிரித்து, அது உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள், அப்படி ஏறியதில் ஈரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். மஞ்சளால் மஞ்சள் காமாலை, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு தடவை எனக்கே முழங்கால் வலிக்கென்று ஒருவர் அப்படி ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார், ஒரு வாரம் விழுங்கிவிட்டுத்தான் பின்பக்கத்தைப் படித்தேன். ஊருக்கெல்லாம் பின்பக்கத்தைப் படி என்கிறவள் நான்.

கேள்வி: எனக்குச் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் இரண்டும் இருக்கிறது. வைட்டமின் ஈ எனக்கு உதவுமா? (வாசகர், கருங்கல்)

பதில்: முதல் பதிலில் சொன்ன 247 பேரில் சர்க்கரை நோயாளி ஒருவர்கூட இல்லை. பிறகு சர்க்கரை உள்ளவர்களை மட்டும் வைத்துச் செய்து பார்த்தபோது வைட்டமின் ஈ தனியாக நின்று ஜெயிக்கவில்லை. உங்களுக்குச் சர்க்கரையையும் ஈரலையும் சேர்த்துப் பார்க்கிற மருந்துகள் இப்போது இருக்கின்றன. டாக்டரிடம் மேலே போட்ட ஃபிப்-4 கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு ஃபேட்டி லிவர் என்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு வைட்டமின் காப்ஸ்யூல் கொடுக்கலாமா? (அம்மா, தோவாளை)

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள். 8 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 173 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வந்தது, எஸ்.ஜி.பி.டி.யை நீடித்துக் குறைக்குமா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி, அதில் வைட்டமின் ஈ தோற்றது. சதை எடுத்துப் பார்த்தபோது சிலருக்கு வீக்கம் குறைந்திருந்தது உண்மை, ஆனால் அது நிபுணர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். நீங்கள் பார்க்கவேண்டியது ஸ்கூல் பையைத்தான். பத்து ரூபாய்க் குளிர்பானப் பாட்டிலும் ஐந்து ரூபாய் முறுக்குப் பாக்கெட்டும் தினமும் இருக்கும், ஆற்றோரம் பூத்தோட்டம் இருக்கிற ஊரில் பிள்ளை ஓடி விளையாடுவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் எடையைக் குறை என்று பிள்ளையின் முன்னால் திட்டினால் நீங்களும் கூடச் சேர்ந்து திட்டாதீர்கள், வீட்டில் எல்லாருமே அந்தப் பாட்டிலை நிறுத்துங்கள். பிள்ளைக்கு மட்டும் தடை, அப்பாவுக்கு மட்டும் ஃபிரிட்ஜில் இரண்டு லிட்டர் என்றால் நடக்காது.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்னால் தேங்காயெண்ணெயைக் குறைக்கச் சொல்லி எழுதினீர்கள். தேங்காயெண்ணெய் இல்லாமல் அவியலா, தீயலா? நீங்கள் உண்மையில் கன்னியாகுமரி மாவட்டம்தானா? (கோபமான வாசகர், பூதப்பாண்டி)

பதில்: அண்ணாச்சி, ஆதார் கார்டை அனுப்பி வைக்கவா? நான் குறைக்கச் சொன்னேன், நிறுத்தச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதனால்தான் அது சீக்கிரம் காறுவதில்லை, அது அதன் நல்ல குணம். ஆனால் ஃபின்லாந்தில் 38 பேருக்கு மூன்று வாரம் தினமும் ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2018-இல் வெளியானது. தேங்காயெண்ணெய், வெண்ணெய், சீஸ் என்று நிறைவுற்ற கொழுப்பாக அந்தக் கலோரியைச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கொழுப்பு 55 சதவீதம் ஏறியது. சீனியாகச் சாப்பிட்டவர்களுக்கு 33. கொட்டை, ஆலிவ் எண்ணெய் மாதிரி நிறைவுறாத கொழுப்பாகச் சாப்பிட்டவர்களுக்கு 15. தினம் ஆயிரம் கலோரி கூடுதல் என்பது நம் வீட்டு அளவில்லை என்று நீங்கள் வாதாடலாம், சரிதான், ஆனால் காலையில் ஏத்தங்காய் சிப்ஸ், சாயங்காலம் ரசவடை, ராத்திரி பொரித்த மீன் என்று மூன்றும் ஒரே நாளில் நடக்கிற வீடுகள் எனக்குத் தெரியும், என் சொந்தக்காரர்கள்தான்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் மூன்று லிட்டருக்குள் நின்றால் போதும். பொரிப்பதை வாரத்துக்கு ஒரு நாளாக்கிக்கொள்ளுங்கள், தாளிப்புக்குக் கடலெண்ணெயோ தவிட்டெண்ணெயோ வையுங்கள். அவியலை இறக்கும்போது மேலே ஊற்றுகிற அந்தப் பச்சைத் தேங்காயெண்ணெய், கூடவே கசக்கிப் போடுகிற கறிவேப்பிலை, அந்த வாசத்தில் நான் கை வைக்கவே மாட்டேன். பாட்டிலைக் கவிழ்க்காமல் ஒரு ஸ்பூனில் அளந்து ஊற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் கோபம் மிச்சமிருந்தால் இன்னொரு கடிதம் எழுதுங்கள், போடுகிறேன்.